மீகாவின் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும்

போசூவின் கஞ்சியைக் குடித்து வயிறு கெட்டவர் என்று அந்தச் சந்தில் ஒருவரும் கிடையாது. தைனான் ஊரில் பால்கெண்டைக் கஞ்சி விற்கிற ஒருத்திக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்? விடியும் முன்பே மீனை முள் நீக்கி, முள்ளையும் தலையையும் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் சோற்றைப் போட்டு, மேலே வறுத்த பூண்டைத் தூவிக் கொடுப்பாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர், முந்தின நாள் கல்யாணத்தில் அளவு தெரியாமல் குடித்தவர், எல்லோரும் அவள் கடை முக்காலியில் வந்து உட்கார்ந்து மனுஷராகித் திரும்புவார்கள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு நாய்க்குட்டி வந்தது. வந்த மறுநாளே கூடம் முழுக்கக் கழிந்து வைத்தது.

குட்டிக்கு மீகாவ் என்று பெயர் வைத்தது போசூதான். அது ஒட்டரிசியில் செய்கிற பலகாரத்தின் பெயர். குட்டியின் நிறமும் அதே பழுப்பு, தொட்டால் அமுங்குகிற பதமும் அதே. தெருவில் கிடக்கிற குட்டிகளைத் தூக்கி வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிற பெய்ஷான் என்கிற பெண் ஸ்கூட்டரின் பின்னால் கூடை கட்டிக் கொண்டுவந்து விட்டாள். விட்டவள் சும்மா விடவில்லை.

"அத்தை, இது இப்பவே உங்க குட்டி ஆயிடல. மொதல்ல வச்சுப் பாருங்க. அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம வந்து எட போடுவேன். ஏறியிருந்தா உங்களுக்கு. எறங்கியிருந்தா திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது. இதுக்கு முன்னாடி இருந்த வீட்லயும் வயிறு கெட்டுத்தான் திரும்பி வந்துது. சின்ன உசுரு, எளச்சா தாங்காது."

"எட எறங்குறதா? எங்கிட்டயா?" போசூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா பொண்ணு, எங்க வீட்டுக் கெழட்டுக் கொரங்கப் பாரு. பஸ் ஓட்டிட்டிருந்தப்ப ஸ்டீயரிங்குக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு கை போகும். கடைசி வருஷம் போச்சான்னு நீயே கேளு."

கிழட்டுக் குரங்கு என்று அவள் சொன்னது கணவர் ஹ்வேதோவை. ஆசையாக இருந்தாலும் கோபமாக இருந்தாலும் அதே பெயர்தான். அவர் பனியனை இழுத்து விட்டுக்கொண்டு, "கேக்க வேண்டாம்மா, போகல" என்றார்.

பெய்ஷான் ஒரு சின்னப் பையையும் கொடுத்துவிட்டுப் போனாள். குட்டி இதுவரை தின்று பழகிய உலர் தீனி. அதில் ஒன்றை எடுத்து போசூ விரலால் நசுக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், உதட்டைப் பிதுக்கிக் கணவரிடம் நீட்டினாள். "கூழாங்கல்லு மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு இதையா போடுவாங்க? எடுத்துட்டுப் போயி கோயில் கொளத்து மீனுக்குப் போட்டுட்டு வா."

அன்றைக்கு மீகாவுக்குப் பால்கெண்டைக் கஞ்சி. பூண்டு மட்டும் போடவில்லை. குட்டி கிண்ணத்துக்குள் தலையை விட்டது, காது இரண்டும் கஞ்சியில் மிதக்கத் தின்றது. தின்று முடித்து நேராக வந்து, அவள் போட்டிருந்த ரப்பர் பூட்ஸின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிப்போனது. மீன் கழுவுகிற இடத்தில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போயிற்று. ஹ்வேதோ வந்து, "என்ன, எந்திரிக்க முடியலயா?" என்று கேட்டதற்கு, "பேசாத, முழிச்சுக்கும்" என்றாள். அந்தக் குட்டியைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான்.

மறுநாள்தான் கூடம் நாறியது.

மீன் கொழுப்பு சேரவில்லை போலிருக்கிறது என்று கோழிச்சாறு வைத்தாள். அதற்கும் கழிந்தது. சோறும் முட்டையும் பிசைந்து வைத்தாள். அதற்குத் தண்ணீராகவே போயிற்று. சரி, இது கஞ்சி குடிக்கிற ஜாதி இல்லை, கடைத் தீனிதான் இதற்கு என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டு செல்லப்பிராணிக் கடைக்குப் போனாள். போனால், அங்கே தரையிலிருந்து கூரை வரைக்கும் பைகள். வாத்து, ஆடு, சால்மன் மீன், தானியம் போட்டது, தானியம் போடாதது. எல்லாப் பையிலும் ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அதில் எந்த நாய்க்கு வயிறு சரியாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்திலே கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. முடிதிருத்தும் கடை லெங்ஹ்வா, "அக்கா, வாத்துதான் குளிர்ச்சி" என்றாள். பொரித்த தொத்திறைச்சி விற்கிற அத்தியாம், "ஆட்டுக்கறிதான் ஒடம்பத் தேத்தும்" என்றான். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சுவா வாத்தியார், தன் நாய் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்றையே தின்று கிழடாகிச் செத்தது என்றார். ஆளுக்கொன்று சொன்னால் போசூ என்ன செய்வாள்? எப்போதும் செய்வதைச் செய்தாள். கடையில் மாதிரிப் பொட்டலங்களை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, சந்து முனையிலிருக்கிற மண்ணின் சாமியிடம் போனாள்.

வெள்ளைத் தாடியும் சிரித்த முகமுமாக உட்கார்ந்திருப்பார் அந்தச் சாமி. கடையை இடம் மாற்றலாமா, பெண்ணைத் தைப்பேயில் கொடுக்கலாமா, எதுவானாலும் அவரைக் கேட்காமல் போசூ செய்ததில்லை. கேட்பதற்குப் பிறை வடிவில் இரண்டு சிவப்புக் கட்டைகள் இருக்கும். ஏந்தி நின்று கேள்வியைச் சொல்லிக் கீழே போட வேண்டும். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி என்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் கூடாது. இரண்டும் நிமிர்ந்தால் சாமி சிரிக்கிறார், நீ கேட்டதே எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம்.

பொட்டலங்களை ஊதுபத்திக் கலயத்தின் முன் வரிசையாக வைத்ததைப் பார்த்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கீபே எழுந்து வந்தார். "என்ன போசூ, சாமிக்கு நாய்த் தீனியா படைக்கிற?"

"படைக்கல. காட்டுறேன்."

"காட்டி?"

"அவரு பாத்துச் சொல்லட்டும். நீ கொஞ்சம் நகரு, வெளிச்சத்த மறைக்காத." கண்ணை மூடிக்கொண்டாள். "சாமி, பேரு மீகாவ். வயசு ரெண்டு மாசம். எடம் இதே சந்து, பச்சக் கதவு வீடு. வயிறு சரியில்ல. வாத்துக்கறித் தீனி ஒத்துக்குமா?"

கட்டைகள் உருண்டன. சாமி சிரித்தார். ஆட்டுக்கறிக்கு ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தது. போசூ விழுந்து கும்பிட்டுவிட்டு, போகிற வழியிலேயே பெரிய பையாக வாங்கி, அன்று மாலையே கிண்ணம் நிறைய ஆட்டுக்கறித் தீனி வைத்தாள். காலையில் மீகாவ் அவள் பூட்ஸின் மேலேயே கழிந்தது.

திரும்பப் போய்க் கேட்டாள். சால்மன் என்றார். வைத்தாள். அதற்கும் அதே கதி. மறுபடி கேட்டாள். வாத்து என்றார், முதலில் சிரித்தவர். ஒவ்வொரு தடவையும் பழைய பையைத் தூரத் தள்ளிவிட்டுப் புதுப் பையைப் பிரித்தாள். குட்டியின் விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. இப்போது பூட்ஸின் மேல் தாடையை வைத்தால் கனமே தெரியவில்லை. கடையில் கஞ்சி ஊற்றும்போது போசூவின் கண் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டு நாள்காட்டிப் பக்கமே போய்ப் போய் வந்தது.

ஒருநாள் ஹ்வேதோ குட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். "கெளம்பு, டாக்டர்கிட்ட போகலாம். சாமி பாவம், அவருக்கும் ஓய்வு குடு."

மருத்துவமனையில் போனிலேயே மலத்தைக் கொஞ்சம் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். போசூ கையில் கிடைத்த பாத்திரத்தில் எடுத்து இறுக்க மூடிக்கொண்டு போனாள். கையில் கிடைத்தது என்றால், அவள் கடையில் கஞ்சி கட்டிக் கொடுக்கிற காகிதக் கிண்ணம், மேலே அழகாக மீன் படம் போட்டது. வாசலில் இருந்த பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஐயோ அக்கா, எதுக்குச் செரமப்பட்டு... சூடா இருக்கா? உள்ள சாப்பாட்டு மேசையில வச்சிடவா?"

"வைக்காத!" என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கான் டாக்டர் போசூவின் கடையில் வாரம் தவறாமல் கஞ்சி குடிக்கிறவர். குட்டையாக வெட்டிய முடி, சிரிக்காத முகம். குட்டியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், மலத்தை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"புழு இல்ல. கிருமி இல்ல. உயிருக்கு ஆபத்தும் இல்ல. இதுவரைக்கும் என்னென்ன குடுத்தீங்க?"

போசூ சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல டாக்டரின் புருவம் ஏறிக்கொண்டே போனது. வாத்து வருவதற்குள் முடிக்குள் போய்விட்டது.

"சாமிதான் சொன்னாரு" என்றாள் போசூ, மெதுவாக.

"எத மாத்தணும்னு கேட்டீங்க. எப்படி மாத்தணும்னு கேட்டீங்களா?"

போசூ குட்டியின் காதைத் தடவினாள்.

"அக்கா, வாத்துலயும் தப்பில்ல, ஆட்டுலயும் தப்பில்ல. ஒரு தீனிய செரிக்கக் கத்துக்கறதுக்குள்ள நீங்க அடுத்தத வச்சிடுறீங்க. அது குழந்தை வயிறு. தெனம் ஒரு மொதலாளி மாறினா வேலக்காரன் என்ன பண்ணுவான்? குட்டி வந்தப்ப என்ன தின்னுட்டிருந்துது?"

"ஒரு கூழாங்கல்லு..." என்று ஆரம்பித்தவளுக்கு முகம் வாடிவிட்டது. "அதக் கொளத்து மீனுக்குப் போடச் சொல்லிட்டேனே."

ஹ்வேதோ இருமினார். கூரையைப் பார்த்தார். "போடல. நல்ல பையா இருந்துது, கிழியாத பை. தூக்கிப் போட மனசு வரல. என் பழைய ஹெல்மெட்டுக்குள்ள வச்சிருக்கேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருடைய சேர்த்துவைக்கும் புத்தியை போசூ திட்டாத நாளில்லை. அன்றைக்குத் திட்டவில்லை. அதற்காகப் பாராட்டவும் இல்லை. "கெழட்டுக் கொரங்கு" என்று மட்டும் சொன்னாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

டாக்டர் சொன்னது இதுதான். முதலில் அந்தப் பழைய தீனியையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். வயிற்றுக்கு ஒரு பொடி. கெட்டிப்பட்டபின், பையும் தீரப்போகிறதே, புதுத் தீனி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழையதில் ஒரு கரண்டி கலக்க வேண்டும். வயிறு ஏற்றுக்கொண்டால் இன்னொரு கரண்டி. அப்படியே பழையது குறைந்து புதியது ஏறி, ஒரு வாரம் பத்து நாளில் முழுக்கப் புதியதாகிவிடும்.

"வாத்தா, ஆடா, மீனா?" என்று போசூ ஆவலாகக் கேட்டாள்.

"குட்டிங்களுக்குன்னு செஞ்சதா இருக்கணும். உங்களுக்கு எப்பவும் கெடைக்கிறதா இருக்கணும். அப்புறம் எதுவானாலும் சரி, ஆனா ஒண்ணே ஒண்ணு."

"அப்ப மீனுதான். என் வீட்டுப் பிள்ள மீன் திங்காதுன்னு வெளிய சொல்ல முடியுமா?"

"அப்புறம் இன்னொண்ணு. கிண்ணத்துல வைக்கிறதத் தவிர வேற ஒரு பருக்க உள்ள போகக் கூடாது."

"யாரு குடுக்கப் போறா?" என்றாள் போசூ.

பழைய தீனி வேலை செய்தது. இரண்டு மூன்று நாளில் கூடம் காய்ந்தது. மீகாவ் வாலை ஆட்டினால் உடம்பும் சேர்ந்து ஆடுகிற அளவுக்குத் தெம்பு வந்தது. போசூ ஒரு கரண்டி மீன் தீனியைக் கலந்தாள். குட்டி பழைய மணிகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, புது மணிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் ஹ்வேதோவின் செருப்பில் போட்டது. "எனக்குப் பங்கு வைக்குது பாரு, இந்த வீட்டுல எனக்கு எதாவது மிச்சம் வைக்கிறது இது ஒண்ணுதான்" என்றார் அவர். போசூ இரண்டையும் சேர்த்து ஊறவைத்துக் கரண்டியால் மசித்தாள். பொறுக்க முடியாமல் மீகாவ் முழுவதையும் நக்கித் தீர்த்தது. அதுவும் ஒத்துக்கொண்டது.

அதற்கப்புறம் ஒரு காலையில் மறுபடி தண்ணீராகப் போயிற்று.

போசூ டாக்டருக்குப் போன் போட்டாள். புதுத் தீனியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். குறைத்தாள். மறுநாளும் தண்ணீர். கலப்பதையே நிறுத்தினாள். அப்போதும் நிற்கவில்லை. வெறும் பழைய தீனிக்கு எப்படிக் கழியும்? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிறோ நெருங்கிக்கொண்டிருந்தது. பெய்ஷானின் ஸ்கூட்டரில் கட்டியிருக்கிற கூடை கண்ணுக்குள்ளேயே நின்றது.

அன்று மாலை, சந்து முனைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற குப்பை வண்டியின் இசை தூரத்தில் கேட்டது. வழக்கம்போல ஹ்வேதோ குப்பைப் பையை ஒரு கையிலும் குட்டியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மீன் கழிவு வாளியை மறந்துவிட்டார். மறுநாள் வரை அது வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். போசூ அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். சாதாரணமாக அந்த நேரத்தில் அவள் அண்டா தேய்த்துக்கொண்டிருப்பாள், வண்டிக்குப் போவது அவருடைய வேலை.

சந்து முனையில் மொத்தப் பேரும் பைகளோடு வண்டிக்காகக் காத்து நின்றார்கள். நடுவில் ஹ்வேதோ. அவர் கையில், கல்யாணப் பிள்ளை மாதிரி, மீகாவ்.

"இத்தனூண்டுதான், முட்டைத் தோசை ஓரம்" என்று லெங்ஹ்வா ஊட்டினாள். "கெழங்கு, ஆவியில வெந்தது, ஒண்ணும் செய்யாது" என்று சுவா வாத்தியார் பையிலிருந்து பிட்டுக் கொடுத்தார். அத்தியாம் தொத்திறைச்சி நுனியை ஊதி ஆறவைத்துக்கொண்டிருந்தான். கீபே சாமிக்கு வைத்த பிஸ்கட்டையே கொண்டுவந்திருந்தார். குட்டி யாருக்கும் வஞ்சனை செய்யவில்லை, எல்லாவற்றையும் விழுங்கியது.

வாளியைப் பிடித்தபடி போசூ அங்கேயே நின்றுவிட்டாள். கழிவைக் கொட்டினாள், வீட்டுக்குத் திரும்பினாள், கதவைச் சாத்தினாள், அப்புறம்தான் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? ஒரு பருக்க கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"நான் குடுக்கலயே!"

"கையில ஏந்திக் காட்டுனது யாரு?"

"ஆசையா நீட்டுறாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? மூஞ்சிய முறிச்ச மாதிரி இருக்காதா? நீ சொல்லிடுவியா? சொல்லிப் பாரேன்!"

அங்கேதான் போசூ அடங்கினாள். அவள் சொல்லமாட்டாள். ஊட்டுகிற கையைத் தள்ளுவது அந்தச் சந்தில் அறைந்தது மாதிரி. அதிலும் அவள், போதும் போதும் என்று கிண்ணத்தை மூடுகிறவர் விரலுக்கு நடுவிலேயே இன்னொரு கரண்டி ஊற்றிப் பேர் வாங்கியவள். எந்த வாயை வைத்துக்கொண்டு மற்றவரிடம் வேண்டாம் என்பாள்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். நோஞ்சான் பிள்ளைகளைச் சாமிக்குத் தத்துக் கொடுத்துக் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டுகிற வழக்கம் உண்டல்லவா? சாமியின் பிள்ளைக்கு இது ஆகாது, அது ஆகாது என்று சொன்னால் யாரும் கோவித்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் கடையை மூடியதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

கீபே தலையில் அடித்துக்கொண்டார். "நாயையா? தத்தா? போசூ, அவரு ஊரு முழுக்கப் பாக்கணும்!"

"நான் உன்னைக் கேக்கல. அவரக் கேக்குறேன்."

தத்துக்கு மூன்று தடவை தொடர்ந்து சரி என்று விழ வேண்டும். போட்டாள், சரி. மறுபடி போட்டாள், சரி. கீபேயே எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது தடவை கட்டைகளை நெற்றியில் ஒற்றிப் போட்டாள். இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரித்தார்.

போசூ வெகுநேரம் மண்டியிட்டிருந்தாள். விழாததை விழுந்ததாகச் சொல்லலாம், கீபே வாயை ஒரு கிண்ணம் கஞ்சியில் அடைக்கலாம். ஆனால் சாமி பேரில் அவளுக்குப் பொய் வராது. சாக்குச் சொல்ல என் பேரைக் கொடுக்க மாட்டேன், நீயே போய்ச் சொல்லிக்கொள் என்று அவர் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்தாள்.

அன்று மாலை இசை கேட்டதும் அவளே கிளம்பினாள். சந்து முனையில் லெங்ஹ்வாவின் கை ஏற்கெனவே நீண்டிருந்தது.

"குடுக்காத" என்றாள் போசூ.

"இத்தனூண்டுதான் அக்கா."

"இத்தனூண்டும் வேண்டாம். யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க."

லெங்ஹ்வாவின் முகம் சிவந்தது. அத்தியாம்தான் முதலில் வாயைத் திறந்தான். "என்னக்கா இது? எத்தன தடவ நான் வேணாம் வேணாம்னு கத்தக் கத்த நீ ஊத்தியிருக்க? அப்ப நான் கோவிச்சுக்கிட்டேனா? எங்க கை மட்டும் அழுக்கா?"

"ஊத்துனேன். இல்லங்கல. நீ தாங்குன. தொந்தி வந்துது, அவ்வளவுதான். இது தாங்காதுடா." குரல் உடைந்தது அவளுக்கு. அதற்காக வெட்கப்பட்டு இன்னும் சத்தமாகப் பேசினாள். "நானும்தான் தப்புப் பண்ணுனேன். தெனம் ஒண்ணு மாத்தி மாத்தி வச்சு அது கொடலக் கொழப்பிட்டேன். சாமிகிட்டப் போயி மறுபடி மறுபடி கேட்டு அவரையும் கொழப்பிட்டேன். ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு வருது, எட போடும். கொறஞ்சிருந்தா கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போயிடும். அப்புறம் நீங்க யாருக்கு ஊட்டுவீங்க? எங்க வீட்டுக் கெழட்டுக் கொரங்குக்கா?"

வாத்தியார் பையிலிருந்த கிழங்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளினார். கீபே மீகாவின் விலாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "எலும்பா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அத்தியாம் தலையைச் சொறிந்தான். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அக்கா. நாங்க என்ன..."

அப்போதுதான் இசை தேய்ந்து போவதை யாரோ கவனித்தார்கள். குப்பை வண்டி வந்து, நின்று, கிளம்பி, அடுத்த தெருவுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பை கூட உள்ளே போகவில்லை. "ஏய், வண்டி!" என்று ஒரு கூச்சல். மொத்தச் சந்தும் பைகளைத் தூக்கிக்கொண்டு செருப்புப் பறக்க ஓடியது. லெங்ஹ்வா தலையில் சாயம் பூசியிருந்த வாடிக்கையாளரும் ஓடினார். முன்னால் ஓடியவர் வாத்தியார்.

அதிலிருந்து காவல் பலமாகிவிட்டது. யாராவது சட்டைப் பையில் கை விட்டாலே மற்றவர், "என்ன எடுக்கிற?" என்று கேட்டார்கள். கைக்குட்டையை எடுத்த கீபே அதை விரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. காலையில் கடைக்கு வருகிறவர்கள் உட்காரும் முன்பே விசாரித்தார்கள்.

"இன்னிக்கு எப்படிக்கா? கெட்டியா?"

"நேத்தவிடப் பரவால்ல. கொஞ்சம் கூழு பதம்."

"நெறம்?"

வெளியூரிலிருந்து வந்து ஆசையாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

கெட்டிப்பட்டதும் போசூ மறுபடி ஒரு கரண்டியிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒருநாள் லேசாக இளகியது. கை பரபரத்தது, வேறு பை வாங்கி வந்துவிடலாமா என்று. அந்தக் கையாலேயே மீன் தீனியில் அரைக் கரண்டி குறைத்துவிட்டு இருந்தாள். மறுநாள் சரியாயிற்று. ஹெல்மெட்டில் இருந்த பை இளைத்துக்கொண்டே வந்தது. மீகாவ் இளைக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் தினம் தூக்குகிற கைக்கு எங்கே தெரியும்? எடை போட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டி வராது. ஆனாலும் அன்று மாலை மொத்தப் பேரும் வெளியே வந்து நின்றார்கள். கையில் பை இல்லாமல் எப்படி நிற்பது என்று தெரியாமல் சிலர் வெறும் வாளியை வைத்துக்கொண்டிருந்தார்கள். பெய்ஷானின் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் கூடை, காலியாக.

"அத்தை, தராசு இருக்கா?"

மீன் நிறுக்கிற முள் தராசைத் தேய்த்துக் கழுவித் துண்டு விரித்து வைத்திருந்தாள் போசூ. மீகாவைத் தட்டில் உட்கார்த்தினார்கள். உட்காருமா அது? எழுந்து சுற்றியது, முள்ளைப் பிடிக்கப் பார்த்தது. முள் மேலும் கீழும் துள்ளியது. பெய்ஷான் குனிந்து முள் நிற்கக் காத்திருந்தாள். போசூவின் கை தட்டின் ஓரத்துக்குப் போனது. ஒரு கட்டை விரல், லேசாக அழுத்தினால் போதும். மீன் கடைக்காரிக்கு அது தெரியாத வித்தையா?

"கைய எடு" என்றார் ஹ்வேதோ காதோரமாக.

எடுத்தாள். எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குட்டி சுற்றிச் சுற்றி அலுத்துப்போய்த் துண்டின் மேல் படுத்தது. முள் நின்றது.

பெய்ஷான் பார்த்தாள். இன்னும் குனிந்து பார்த்தாள். "அத்தை" என்றாள்.

"சொல்லு."

"கொண்டுவந்து விட்டப்ப இருந்ததவிட முக்கால் கிலோ ஏறியிருக்கு."

சந்து முழுக்க ஒரே சத்தம். வாத்தியார் வாளியைத் தட்டினார். லெங்ஹ்வா அத்தியாமின் முதுகில் அடித்தாள், அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஹ்வேதோ மூக்கைச் சிந்தினார். போசூவுக்குச் சிரிக்கவும் வரவில்லை அழவும் வரவில்லை. தராசின் தட்டை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பெய்ஷானுக்கும் மனசு நிறைந்துவிட்டது. "என் செல்லம், நல்ல பிள்ள" என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டு, காய்ந்த கோழிக்கறித் துண்டு ஒன்றை எடுத்து மீகாவின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ஏஏஏய்!"

ஒரு வாய் இல்லை, சந்தே கத்தியது. மாடியிலிருந்து ஒரு ஜன்னல் கூடப் படாரென்று திறந்தது. பெய்ஷான் அப்படியே உறைந்துபோனாள், கோழிக்கறி அந்தரத்தில். போசூ அந்தத் துண்டை மெல்ல அவள் விரலிலிருந்து வாங்கினாள், அவள் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டாள்.

"தப்பா நெனச்சுக்காத பொண்ணு. புதுத் தீனி இன்னும் முழுசா ஏறல. நாளைக்குத்தான் கடைசிக் கரண்டி."

பெய்ஷான் சுற்றிலும் பார்த்தாள். வாளி வைத்திருந்தவர்களை, ஜன்னலில் தொங்கியவர்களை, இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டிருந்த கீபேயை. "அத்தை, இது யாரு வீட்டுக் குட்டி?"

"எங்க வீட்டுக் குட்டிதான்" என்றாள் போசூ. சொல்லிப் பார்த்ததில் நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள். "எங்க வீட்டுக் குட்டிதான்."

பெய்ஷான் காலிக் கூடையைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மீகாவ் தராசிலிருந்து தாவி இறங்கி, இரண்டு வட்டம் சுற்றி, சந்தின் நட்டநடுவில் குந்தி உட்கார்ந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினார்கள்.

"கெட்டி!" என்று வாத்தியார் அறிவித்தார்.

போசூ அள்ளுவதற்குக் காகிதம் எடுக்கச் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.